பாலாற்று மணலில் பனிச்சரிவுப் பாடம்

பிப்ரவரி 3, ஆம்பூர்

சியாச்சினில் சோனம் காவல் நிலை மீது பனிச்சுவர் இடிந்து விழுந்து இன்றோடு பத்து ஆண்டுகள். 19,600 அடி உயரத்தில் 19ஆம் மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். நால்வர் தமிழ்நாட்டவர். அவர்களில் ஹவில்தார் ஏழுமலை வேலூர் மாவட்டத்துக்காரர். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை மட்டும் ஆறாம் நாள் உயிரோடு தோண்டி எடுத்தார்கள். அவரும் பிப்ரவரி 11 அன்று தில்லி மருத்துவமனையில் இறந்துபோனார்.

மாதக் கடைசியில் நாங்கள் நால்வர் காஷ்மீரின் குல்மார்க் போகிறோம். பனியில் சறுக்க முன்பே பழகியவர்கள்தான். இந்த முறை சீர்செய்த பாதையை விட்டு அஃபர்வத் மலையின் திறந்த சரிவுகளில் இறங்க ஆசை. சுபேதார் அய்யா ஒரு நிபந்தனை போட்டார். மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது எங்கள் டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) பாதுகாப்புப் பொறுப்பு. "பக்கத்துல இருக்கறவன வெளிய எடுக்கத் தெரியாம ஒருத்தரும் மேல ஏறக் கூடாது தம்பி" என்றார்.

பிப்ரவரி 7

பாலாற்றில், நீரோடாத மணல்மேட்டில் முதல் வகுப்பு. பனியில் புதைந்தவரைத் தேட உதவும் டிரான்ஸ்சீவர் ஒன்றை அய்யா பையில் சுற்றி எங்கள் கண்ணில் படாமல் புதைத்தார். எந்தக் கம்பெனி கருவியானாலும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைதான். ஆகவே யாருடைய கருவியும் யாரையும் தேடும். சறுக்கும்போது எல்லோருடையதும் அலை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் புதைந்ததும் மற்றவர்கள் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். மாற்ற மறந்த ஒரே ஒருவர் போதும், தேடுபவர்கள் எல்லோரும் அவரை நோக்கியே போவார்கள்.

அம்புக்குறி நேர்க்கோட்டில் கூட்டிப் போவதில்லை. காந்தப்புலத்தின் வளைவைப் பிடித்துச் சுற்றிக்கொண்டுதான் போகும். திரையில் மூன்று மீட்டர் வந்ததும் குனிந்து, கருவியைத் தரையை ஒட்டிப் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாக மெல்ல நகர்த்த வேண்டும். எண் எங்கே மிகக் குறைகிறதோ அங்கே அடையாளம். செல்போன் பக்கத்தில் இருந்தால் எண் தடுமாறுகிறது. தேடும்போது போனை அரை மீட்டர் தள்ளியே வைக்க வேண்டும்.

பிப்ரவரி 8

இன்று கம்பியும் மண்வாரியும். மடக்குக் கம்பியைச் சரிவுக்குச் செங்குத்தாக இறக்கி, அடையாளத்தைச் சுற்றிச் சுருள் வட்டமாக 25 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து. உடல் தட்டுப்பட்டால் கம்பியை உருவக் கூடாது; தோண்டுபவருக்கு அதுதான் வழி. கம்பியின் நேர் மேலே நின்று தோண்டினால் உள்ளே இருப்பவரின் மூச்சுவெளி மிதிபடும். ஆகவே பள்ளப் பக்கம் சற்று விலகித் தொடங்கி, 'V' வடிவில் நின்று, வாரியதைப் பின்னால் பின்னால் தள்ளிவிட வேண்டும். முன்னால் நிற்பவர் களைக்கும் முன்பே ஆள் மாற வேண்டும். சரிந்து வந்து நின்ற பனி இறுகிவிடும், கையால் பறிக்க முடியாது. முகம் தெரிந்ததும் முதல் வேலை வாயையும் மூக்கையும் அடைத்திருப்பதை எடுப்பது.

சுவிட்சர்லாந்துத் தரவுகளை வைத்து 1994இல் வெளிவந்த ஆய்வின் கணக்கை அய்யா மணலில் எழுதிக் காட்டினார். 15 நிமிடத்தில் வெளியே வந்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடமானால் மூன்று பேர்தான். எந்த ஹெலிகாப்டரும் அந்தக் கால் மணி நேரத்தில் வராது. காப்பாற்றினால் உடன் வந்தவர்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

பிப்ரவரி 11

டேனரியில் கழிவுத்தொட்டி மூடியைக் கடக்கும்போது, ஞாயிற்றுக்கிழமைப் பாடம் இங்கே எப்படிப் பொருந்தும் என்று அய்யாவைக் கேட்டேன். "இங்க தலகீழ்" என்றார். தோலில் முடி நீக்கப் போடும் சோடியம் சல்பைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். காற்றைவிடக் கனம், குழியின் அடியில் தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம்; செறிவு ஏறினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. விழுந்தவரைத் தூக்க இறங்குபவர் அவர் மேலேயே விழுவார். சோதித்துச் சான்று தராத தொட்டியில் மூச்சுக் கருவியும், கயிறு கட்டிய பெல்ட்டும் இல்லாமல் இறங்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவே சொல்லியிருந்தது.

பனிச்சரிவே நம் ஊருக்கும் வந்திருக்கிறது, வேறு உருவத்தில். 2015 ஜனவரி 31, விடியற்காலை. ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத்தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்களை மூழ்கடித்தது. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தேங்கி நிற்கும் பாரத்துக்குக் கீழே ஆளைப் படுக்க விட்டால் எந்த மீட்பும் போதாது. சியாச்சினுக்கும் ராணிப்பேட்டைக்கும் அது பொது.

பிப்ரவரி 15, ஏலகிரி

கோணமானியோடு மலைச்சரிவுகளை அளந்தோம். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புகின்றன. சறுக்க ஆசை தூண்டும் சாய்வும் அதுவே. கண்மதிப்பை நம்ப முடியாது என்பது அளந்த பிறகு எல்லோருக்கும் விளங்கியது. புதிதாகக் கொட்டிய பனி, காற்று ஒரு பக்கமாக ஒதுக்கிய பனி, திடீர் வெயில், அருகில் அண்மையில் சரிந்த தடம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலே சரிவை விட்டு விலக வேண்டும்.

பிப்ரவரி 24, குல்மார்க்

கோண்டோலா ரோப்காரில் ஏறுமுன் ஒவ்வொருவர் கருவியையும் சோதித்தோம். 2023 பிப்ரவரி 1 அன்று இதே அஃபர்வத்தில் போலந்து நாட்டவர் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். மேலே காற்று புதுப்பனியை முகட்டுக்கு இந்தப் பக்கம் ஒதுக்கியிருந்தது. மென்சாய்வில் ஒவ்வொருவராகக் கடந்தோம். காலடியில் பனி 'வும்' என்று அமுங்கி, மயிரிழை வெடிப்பு ஓடியது. அடியில் பலமில்லாத அடுக்கு முறிந்த சத்தம் அது. யாரும் விவாதிக்கவில்லை. மரங்கள் அடர்ந்த தணிந்த சாய்வு வழியாகத் திரும்பினோம். இந்தப் பயணத்தில் நாங்கள் செய்த மிகச் சிறந்த மீட்பு இதுதான் என்று நினைக்கிறேன். யாரையும் தோண்ட வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி 28, ஆம்பூர்

டேனரியில் தொட்டி மீட்பு ஒத்திகை நடத்த மேலாளர் சம்மதித்துவிட்டார். வாயுமானி, முக்காலி, கயிறு, மூச்சுக் கருவி கொண்டுவந்து, இறங்காமல் மேலே இழுத்தெடுக்கும் முறையை அய்யா கற்றுத்தருவார். நிரந்தரப் பணியாளர் மட்டும் போதுமே என்றார். நான் ஒப்பவில்லை. இரவு ஷிப்டில் தொட்டியருகே நிற்பவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள், வட மாநிலத்தவர். தமிழிலும் இந்தியிலும் வங்க மொழியிலும் பயிற்சி நடக்க வேண்டும். ஆபத்துக்கு மிக அருகில் நிற்பவருக்கே முதலில் சொல்லித்தர வேண்டும்.