பாக்கெட்டில் ஒரு பிஸ்டல்!

கடைசி ரயிலில் தாம்பரத்தில் இறங்கி முடிச்சூர் ரோடில் நடந்தேன். ஒருத்தன் கத்தியைக் காட்டி செல்போன், வாட்ச் ரெண்டையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் ஆபீஸில் சபதம் போட்டேன். "இனிமே பாக்கெட்ல பிஸ்டல்தான்!"

பக்கத்து சீட்டு நண்பர் ஃபைலிலிருந்து நிமிரவே இல்லை. "'நிர்பீக்'னு ஒண்ணு 2014-ல கான்பூர்ல போட்டாங்க சார். .32 ரிவால்வர், அரைக் கிலோ. அப்பவே விலை லட்சத்துக்கு மேல. லைசென்ஸ் தனி."

வயிற்றைக் கலக்கியது. "சரி, சுட்டா ஆள் விழுவானா?"

"1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். எம்.ஆர். ராதா கிட்டத்துலயே எம்.ஜி.ஆரைச் சுட்டார். காதோரம் பாய்ஞ்ச குண்டு கழுத்துல தங்கிடுச்சு. தன்னையும் சுட்டுக்கிட்டார். ரெண்டு பேருமே பொழச்சாங்க. எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில இருந்துக்கிட்டே பரங்கிமலையில எலெக்ஷன் ஜெயிச்சார்! எங்கே படுதுங்கறதுதான் சார் விஷயம். சின்ன குண்டுன்னா இன்னும் குறி பார்த்துச் சுடணும். உங்க கை நடுங்காதா?"

நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு வாட்ச் பக்கிளைக் கழற்ற எனக்கு விரலே வரவில்லை. 'சீக்கிரம்யா' என்று அவன்தான் கழற்றிக்கொண்டான்.

இப்போதெல்லாம் ஏழரை ரயிலிலேயே வந்துவிடுகிறேன். என்மேல் திடீர்ப் பாசம் என்று வீட்டுக்காரிக்கு ஏகப்பட்ட சந்தோஷம்!