ஒளித்து வைத்த சம்மன்

தோட்டத்துக் கிராணி என்றால் ஊரார் காகிதங்களையெல்லாம் படித்துச் சொல்லுகிறவன் என்று பொருள். மலாய் மொழியில் வரும் கோர்ட்டுச் சம்மன்கள் மாலையில் நமது வாசலுக்கு வந்து சேரும். சிலர் அவற்றைப் பல வாரங்கள் சாமி படத்தின் பின்னே செருகி வைத்திருந்துவிட்டுக் கொண்டுவருவார்கள். அவர்களது அறியாமையை நாம் கடிந்துகொண்டதுண்டு. அப்படிப்பட்ட நாம், நமது பெயருக்கே ஒரு சம்மன் வந்தபோது செய்தது யாது? கணக்குப் புத்தகங்களின் அடியில் ஒளித்து வைத்தோம்! அவர்களுக்குச் சாமி படம், நமக்குக் கணக்குப் புத்தகம், மூடத்தனம் ஒன்றே.

பிரிக்பீல்ட்சில் வசிக்கும் நமது மைத்துனர், சொந்த உபயோகத்துக்கு மோட்டார் வண்டி வாங்கிய கடனுக்கு நாம் ஜாமீன் நின்றோம். அவர் வேலையிழந்தார், தவணை நின்றது. பிராது நம்மீதும் வந்தது. சம்மன் கிடைத்த 14 நாட்களுக்குள் ஆஜராவதாகப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் வாதிக்கே தீர்ப்பாகலாம். நாம் தவறினோம். தீர்ப்பு வீடு தேடி வந்தது.

அதைக் கண்ட நமது மனைவியார், "ஊர்க் காகிதமெல்லாம் படிக்கிறீர்களே, நம் வீட்டுக் காகிதத்தைப் படிக்க நான் யாரிடம் போவேன்?" என்றார். அச்சொல் தீர்ப்பினும் கொடிதாயிருந்தது.

மறுநாளே கிள்ளானில் ஒரு வழக்கறிஞரைக் கண்டோம். தீர்ப்பு கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அதனை நீக்குமாறு மனுச் செய்யலாம். ஆனால் தக்க எதிர்வாதம் வேண்டும் என்றார். கடனும் உண்மை, கையெழுத்தும் நமதே. ஆகவே வாதி தரப்பாரிடம் மாதத் தவணை கேட்டோம், இசைந்தார்கள்.

அன்று அறிந்தவற்றை இங்கே கூறுவது கடமையாகும். தீர்ப்பு 12 ஆண்டுகள் உயிரோடிருக்கும். பொருள்களை ஜப்தி செய்யலாம். பாங்கிக் கணக்கிலும் கைவைக்கலாம். ஆயினும் 1957-ஆம் ஆண்டுக் கடனாளிகள் சட்டப்படி, கோர்ட்டு கடனாளியை அழைத்து வரவு செலவை விசாரித்து, தவணையாகச் செலுத்த உத்தரவிடவும் இயலும். இல்லாமை குற்றமன்று, அழைத்தும் போகாமையே ஆபத்து. திவாலாக்குவதற்குரிய கடன் வரம்பு 2017-இல் 50,000 வெள்ளியாயிற்று. பின்னர் 100,000 ஆக உயர்ந்தது. இத்தகைய வண்டிக் கடனுக்கு இலாபம் கருதாது ஜாமீன் நின்றவனைத் திவாலாக்கலாகாதென்றும் 2017-இல் சட்டம் திருந்திற்று. எனினும் கடன் கடனே.

லெபோ அம்பாங்கின் செட்டியார் கிட்டங்கிகளில் முன்னோர் புரோநோட்டில் கைநாட்டு வைத்தனர்; நாம் இங்கிலீஷில் கையெழுத்திடுகின்றோம். அச்சம் மட்டும் மாறவில்லை.

நமது தவணை இன்னும் முடியவில்லை. ஆனால் இரசீதுகளை இப்போது நமது மனைவியாரே அடுக்கி வைக்கின்றார். சகோதரர்களே, சம்மன் வந்தால் அன்றே பிரித்துப் படியுங்கள். படிக்கத் தெரியாவிடில் தெரிந்தவரிடம் அன்றே கொண்டு செல்லுங்கள். கடன்பட்டதற்கு வெட்கப்பட்டு வாய் மூடியிருந்ததே நம்மைத் தோற்கடித்தது.