தலையில் சிலிண்டர், தண்ணீரில் கப்பல்

காலை 6 மணி. பாலித் தீவின் வடகிழக்குக் கரையில் இருக்கும் துலாம்பென் கிராமம். கடற்கரை என்றதும் மணலில் கால் புதைய நடக்கலாம் என்று நினைத்து வருபவர்களுக்கு முதல் ஏமாற்றம் இங்கேதான். கரை முழுக்கக் கறுப்புக் கூழாங்கற்கள். தேங்காய் அளவில் சில, பூசணி அளவில் சில. காலை வைத்தால் உருள்கின்றன.

அந்தக் கற்களின் மேல் ஒரு பெண்மணி சாவகாசமாக நடந்து போகிறார். தலையில் சும்மாடு. அதன் மேல் குறுக்காக ஓர் அலுமினிய சிலிண்டர். காற்று நிரப்பினால் 16, 17 கிலோ வரும். சில பெண்கள் இரண்டைச் சேர்த்தே தூக்குகிறார்கள். பின்னால் வெறுங்கையோடு தடுமாறி வருகிறவர்கள்தான் கடலுக்குள் குதிக்கப்போகும் வீரர்கள்!

நம் ஊரில் இதை 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். உள்ளே இருப்பது சாதாரணக் காற்றுதான். 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

உலகின் பெரும்பாலான பவளப்பாறைகளைப் பார்க்கப் படகில் போக வேண்டும். துலாம்பெனில் கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். சில பத்து மீட்டர் நீந்தினால் போதும், கீழே ஒரு கப்பல் கிடக்கிறது. அது அங்கே வந்து சேர்ந்த கதை கொஞ்சம் நீளம்.

கப்பலின் பெயர் லிபர்ட்டி. 1918-ல் அமெரிக்காவில் கட்டப்பட்டது. நீளம் சுமார் 125 மீட்டர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்குச் சரக்கு ஏற்றியது. போர்க்காலத்தில் வரிசையாகக் கட்டித் தள்ளிய 'லிபர்ட்டி ரக'க் கப்பல்களில் இதுவும் ஒன்று என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். இது அவற்றுக்கு இருபது வருடங்களுக்கும் மேல் மூத்தது. பெயர் மட்டும்தான் பொருத்தம்.

1942 ஜனவரி 11. ஆஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பைன்ஸுக்கு ரப்பரும் ரயில்வே உதிரி பாகங்களும் ஏற்றிப் போய்க்கொண்டிருந்த லிபர்ட்டியை, லொம்போக் தீவுக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி டார்பிடோவால் அடித்தது. இரண்டு போர்க்கப்பல்கள் அதைக் கயிறு கட்டி, பாலியின் வடக்கே இருக்கும் சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துப் போகப் பார்த்தன. வழியிலேயே தண்ணீர் ஏறிவிட்டது. வேறு வழியில்லாமல் துலாம்பென் கரையில் ஏற்றி விட்டார்கள். சரக்கை இறக்கினார்கள். கப்பல் அப்படியே நின்றது, 21 வருடங்கள்.

அடுத்து வந்தது மலை. துலாம்பெனுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் அகுங், 3,000 மீட்டருக்கு மேல் உயரமுள்ள எரிமலை. பாலி இந்துக்களுக்கு அது மேருவின் அம்சம். அதன் சரிவில்தான் அவர்களுடைய தலைமைக் கோயிலான பெசாகி இருக்கிறது. நூறு வருடங்களுக்கு ஒருமுறை நடக்கும் 'ஏகாதச ருத்ர' சடங்குக்கு 1963-ல் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது, 120 வருடங்கள் அமைதியாக இருந்த மலை வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நெருப்புக் குழம்பு பெசாகி கோயிலைச் சில மீட்டர் தள்ளிக் கடந்துபோனதை இன்றும் அங்கே அதிசயமாகச் சொல்கிறார்கள். நில அதிர்வில் லிபர்ட்டி கரையை விட்டுச் சரிந்து கடலுக்குள் போய் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது.

பவளம் பார்ப்பதற்குப் பாறை மாதிரி இருந்தாலும் அது உயிரினம். அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் தண்ணீரில் மிதந்து திரியும். ஒட்டிக்கொள்ள உறுதியான இடம் கிடைத்தால்தான் வளரும். துலாம்பென் கடலடியில் பெரும்பகுதி எரிமலைக் கறுப்பு மணல். அலைக்கு அலை நகர்ந்துகொண்டே இருக்கும். அங்கே 125 மீட்டர் நீளத்துக்கு இரும்பு வந்து விழுந்தால் விடுமா? அறுபது வருடங்களில் கப்பலே தெரியாத அளவுக்குப் பவளம் மூடிவிட்டது.

கப்பலின் மேல் பகுதி சுமார் 5 மீட்டர் ஆழத்திலேயே தொடங்குகிறது. அடிப்பகுதி 30 மீட்டர் வரை போகிறது. நீச்சல் தெரிந்தவர்கள் ஸ்நார்க்கல் மாட்டிக்கொண்டு மேலே மிதந்தபடியே பார்க்கலாம். பயிற்சி இல்லாதவர்கள், பயிற்றுநர் பக்கத்திலேயே இருக்க, 12 மீட்டர் வரை முதல்முறை ஸ்கூபா முயற்சி செய்யலாம். பத்து வயது நிரம்பியிருந்தால் போதும். ஆஸ்துமா, இதய நோய் இருப்பவர்கள் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுவது உத்தமம்.

இறங்கியதும் காது அடைக்கும். 10 மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதினால் காதுக்குள் 'படக்' என்று திறந்துகொள்ளும். வலிக்கும் வரை காத்திருக்கக் கூடாது. மூச்சை அடக்கவே கூடாது என்பது எல்லாவற்றையும்விட முக்கியமான விதி. மூச்சைப் பிடித்தபடி மேலே ஏறினால், உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். பயந்தவர்கள்தான் மூச்சைப் பிடிக்கிறார்கள். அதனால் நல்ல பயிற்றுநர் முதலில் பயத்தைத்தான் பேசித் தீர்ப்பார்.

தண்ணீர் பெரும்பாலும் 26 முதல் 29 டிகிரி, வெதுவெதுவென்று இருக்கும். விடிந்ததும் இறங்குபவர்களுக்கு ஒரு பரிசு உண்டு. நெற்றி புடைத்த ராட்சதக் கிளிமீன்கள், ஒரு மீட்டருக்கு மேல் நீளமானவை, கப்பலுக்குள் உறங்கிவிட்டுக் கூட்டமாக வெளியே வரும் நேரம் அது. கடல் சாமந்திக்குள் ஒளிந்து விளையாடும் 'நீமோ' மீன்களைக் குழந்தைகள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். மணலில் புல் முளைத்த மாதிரி நிற்கும் விலாங்குகள், கிட்டே போனதும் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆழம் போகப் போகச் சிவப்பு நிறம் மறைந்து எல்லாம் நீலமாகத் தெரியும். டார்ச் அடித்தால் போதும், அதே பவளம் குங்குமச் சிவப்பாகப் பளிச்சிடும்.

காலை பத்து மணிக்குத் தெற்கு பாலியிலிருந்து வேன்கள் வந்து இறங்கும். அதன் பிறகு கப்பலைச் சுற்றி மீன்களைவிட மனிதர்கள் அதிகம். சிக்கலே அங்குதான். இரும்பு துருப்பிடித்துத் தகடு தகடாக உதிர்ந்துகொண்டிருக்கிறது. அதை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் கையுறை போட்டுக்கொண்டு பவளத்தைப் பிடித்துத் தொங்குவதையும், செல்ஃபிக்காகக் கப்பல் மேல் முட்டி போடுவதையும் நிறுத்தலாம். ஒரு துடுப்பு உதையில் ஒடியும் கிளை திரும்ப வளரப் பல வருடங்கள் ஆகும். கடல் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடாகிச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் வெளுத்துப்போகும் காலம் இது. அதன் மேல் நம் காலும் எதற்கு?

பவளம் போனால் முதலில் பாதிக்கப்படுவது சும்மாட்டுக்காரப் பெண்கள்தான். மழையை நம்பிய வறண்ட பூமி; விவசாயம் எப்போதும் கைகொடுப்பதில்லை. கப்பல் இருக்கும் வரை சுமை இருக்கும், கூலி இருக்கும். டைவிங் கட்டணத்தில் அவர்கள் கூலி சேர்ந்திருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொண்டு, கையில் கொஞ்சம் சில்லறை ரூபியா வைத்துக்கொள்வது மரியாதை.

டென்பசார் விமான நிலையத்திலிருந்து துலாம்பெனுக்குக் காரில் சுமார் மூன்று மணி நேரம். பலர் ஒரே நாளில் போய் வரத் திட்டம் போட்டு, அன்றிரவே விமானம் ஏறப் பார்க்கிறார்கள். இது ஆபத்து. ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டும். பல முறை இறங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது. கிந்தாமணி மாதிரி உயரமான மலைப் பாதைகளையும் அன்று தவிர்க்க வேண்டும்.

ஆக, ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். வேன்கள் கிளம்பிப் போன பின் கரை காலியாகிவிடும். அகுங்கின் உச்சியில் மேகம் விலகினால் மலை முழுசாகத் தெரியும். கடைசி காலி சிலிண்டர்களும் தலையில் ஏறி மேட்டுக்குப் போகின்றன, காற்று நிரப்ப. இருட்டியதும் இரவு டைவிங்குக்கு நாலைந்து பேர் டார்ச்சோடு தண்ணீரில் இறங்குகிறார்கள். கரையிலிருந்து பார்த்தால், கப்பல் கிடக்கும் இடத்தில் மட்டும் கடல் பச்சையாக மினுங்குகிறது.