தந்தையின் கையொப்பம் எங்கே?



கரவெட்டியில் எனக்கொரு தோழி இருக்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தோம். 1990 ஒக்டோபர் 30இல் சோனகத் தெருவிலிருந்து வெளியேற்றப்பட்டு நாங்கள் புத்தளம் வந்து சேர்ந்த பிறகும் எங்கள் நட்பு அறுந்துவிடவில்லை. அவருடைய மகளுக்கு நேர்ந்ததையே இங்கு எழுதுகின்றேன். மார்க்கம் வேறாயினும் இந்தச் சங்கடம் நம் வீடுகளிலும் உண்டு.

மகளின் கணவர் 2009இல் வன்னியில் காணாமற் போனார். அப்போது மகன் கைக்குழந்தை. கணவரின் பெற்றோர் கனடாவில் இருந்தார்கள். பேரனை ஒரு தடவையேனும் மடியில் இருத்திப் பார்க்க வேண்டுமென்பது பாட்டனாரின் ஆசை.

பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்க நம் நாட்டில் தாய், தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும். அடுத்தது விசா. தாயுடன் மட்டும் வரும் பிள்ளைக்குத் தந்தையின் சம்மதக் கடிதத்தைக் கனடா கேட்கிறது. தந்தை மௌத்தாகியிருந்தால் மரணச் சான்றிதழ், பிரிந்திருந்தால் பிள்ளையின் பொறுப்பைக் காட்டும் பத்திரம். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பிள்ளையைக் கொண்டு போய்விடாதிருக்கவே இந்த ஏற்பாடு. அதைக் குறை கூற மாட்டேன். ஆனால் காணாமற் போனவரிடம் கையொப்பம் வாங்குவதெப்படி?

"மரணச் சான்றிதழை எடுத்துவிடு பிள்ளை" என்றார்கள் ஊரார். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி செய்திருந்தது. "அவர் செத்துப்போனார் எண்டு நானே எழுதிக் குடுக்கிறதோ, அம்மா?" என்று அவள் மறுத்துவிட்டாள். 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, காணப்படாமைச் சான்றிதழ் என்றொன்று வந்த பின்னர்தான் அவளுக்கு மூச்சு விட முடிந்தது. இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் சொல்லும் பத்திரம் அது. (காணாமற் போனவனின் மனைவி நான்கு ஆண்டுகள் காத்திருந்து, பிறகு இத்தா இருக்கட்டும் என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்ததை இங்கு நினைத்துக்கொண்டேன். அவளுடைய நிலையைப் பற்றி நம் சட்ட அறிஞர்கள் அன்றே யோசித்திருக்கிறார்கள்.)

கிராம சேவகர், பிரதேச செயலகம், சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி என்று எத்தனை நடை! கடவுச்சீட்டு கிடைத்தது. விசா மறுக்கப்பட்டது. நீங்கள் நாடு திரும்புவீர்கள் என்று நம்ப இடமில்லையாம். கணவன் வீட்டிலிருந்தால் அவனுக்காகத் திரும்பி வருவாள் என்று எண்ணுவார்கள். கணவனில்லாதவள் ஒரே பிள்ளையையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டால் சந்தேகப்படுகிறார்கள். அவளுடைய இழப்பே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான்.

வேலைக் கடிதம், பாடசாலைக் கடிதம், காணி உறுதி எல்லாம் வைத்து மீண்டும் விண்ணப்பித்தாள். 2020 பெப்ரவரியில் விசா வந்தது. மார்ச்சில் கொரோனாவால் விமான நிலையம் மூடப்பட்டது. அவ்வாண்டே பாட்டனார் காலமானார். பேரன் கைத்தொலைபேசியில்தான் அவரை வழியனுப்பினான்.

தலாக் அல்லது ஃபஸ்கு பெற்று, பிள்ளைகளோடு தனித்திருக்கும் சகோதரிகளே! வெளிநாட்டிலிருக்கும் உம்மா வாப்பாவைப் பார்க்கப் போக எண்ணினால், காதி நீதிமன்றப் பத்திரம் ஒன்றே போதுமென்று இருந்துவிடாதீர்கள். விவாகம் முறிந்ததை அது காட்டும். பிள்ளை யாருடைய பொறுப்பில் என்பதற்கு மாவட்ட நீதிமன்றக் கட்டளை வேண்டியிருக்கும். பிள்ளையின் வாப்பா இணக்கமாயிருந்தால், பயண நாட்களையும் தங்கும் விலாசத்தையும் குறிப்பிட்ட சம்மதக் கடிதத்தை நேரத்தோடு வாங்கி, ஆங்கில மொழிபெயர்ப்பும் செய்து வையுங்கள். டிக்கெட் காசு கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.