தொடர்பு எல்லைக்கு வெளியே

உங்கள் கார் எப்போதாவது தன்னிஷ்டத்துக்குக் கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறதா? என்னுடையது பூட்டிக்கொண்டது. உள்ளே எண்பது வயது அம்மா.

போன வருஷம் பொங்கலுக்குத் திருவையாறு பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்துக்குப் போயிருந்தேன். பொங்கல் கழிந்து பத்து நாள் இருக்கும், அம்மாவைத் தஞ்சாவூரில் கண் டாக்டரிடம் காட்டக் கிளம்பினோம். அம்மாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, வாசல் கேட்டைத் திறக்க இறங்கினேன். 'டக்'கென்று நாலு கதவும் பூட்டிக்கொண்டன. சொட்டு மழையில்லை, வைப்பர் இரண்டு தரம் கண்ணாடியைத் துடைத்தது. சாவி உள்ளே. ஜன்னல் இறங்கவில்லை. என் பையனுக்காகப் போட்டிருந்த சைல்டு லாக் இப்போது பாட்டியைப் பிடித்துவைத்திருந்தது. கடைசியில் அம்மாவே குடையின் வளைந்த பிடியை முன்பக்கம் நீட்டி, டிரைவர் கதவின் உள்கைப்பிடியில் மாட்டி இழுத்தாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, பிழைத்தோம். இறங்கியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "இந்த வண்டியிலே இனிமே நான் ஏற மாட்டேன்டா."

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள். 'யு 0140' என்று ஒரு கோடு வந்தது. "பிசிஎம் போயிடுச்சு சார். புதுசு போட்டு கோடிங் பண்ணணும். இருபத்திரண்டாயிரம் ஆகும். பார்ட் வர பத்து நாள்."

பிசிஎம் என்றால் பாடி கன்ட்ரோல் மாட்யூல். அப்பா காலத்து அம்பாஸடரில் ஒரு ஸ்விட்ச், ஒரு ஒயர், ஒரு விளக்கு. ஹாரன் அடிக்கவில்லை என்றால் ஹாரன் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் போதும். இப்போது நீங்கள் ஜன்னல் பட்டனை அழுத்தினால், அது ஒரு மனுதான். கதவு, வைப்பர், இண்டிகேட்டர், உள்விளக்கு மனுக்களெல்லாம் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டிக்குப் போகின்றன. அதுதான் உத்தரவு போடுகிறது. காரிலுள்ள இந்த மாதிரிப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது இரண்டே ஒயரில். 1986-ல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி அறிமுகப்படுத்திய 'கேன்' என்ற ஏற்பாடு அது.

யு 0140-க்கு அர்த்தம், 'பிசிஎம்முடன் தொடர்பு கிடைக்கவில்லை'. அவ்வளவுதான். நீங்கள் மாமாவுக்கு போன் போடுகிறீர்கள், 'வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்' என்கிறது. உடனே மாமாவுக்கு மாலை வாங்கப் போவீர்களா? சர்வீஸ் சென்டர்காரர் என்னை ஏமாற்றப் பார்த்தார் என்று சொல்ல மாட்டேன். திரை சொன்னதை நம்பினார். நானும் நம்பியிருப்பேன், அந்தப் பத்து நாள் காத்திருக்க முடிந்திருந்தால்.

கரந்தையில் ஒரு சின்ன ஷெட்டைக் கை காட்டினார்கள். முப்பது வயசுக்குள் ஒரு தம்பி. சொந்த ஊர் பேராவூரணி பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. கதையைக் கேட்டுவிட்டு, "கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா மேட்டூர் அணையை மாத்துவாங்களா சார்? முதல்ல வாய்க்காலைப் பார்ப்போம்" என்றார்.

பேட்டரி 12.5 வோல்ட், சரி. ஃபியூஸ்கள் சரி. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் செருகும் சாக்கெட்டில் 6, 14 ஆகிய இரண்டு பின்களுக்கு நடுவே மீட்டரை வைத்தார். 60 ஓம். கேன் ஒயரின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று உண்டு. இரண்டும் சேர்ந்து 60 காட்டினால் பேசும் பாதையில் அறுந்தது எதுவும் இல்லை என்று அர்த்தமாம். பிசிஎம்முக்கு வரும் கரண்ட்டும் சரி. மிச்சம், கரண்ட் திரும்பிப் போகும் கிரவுண்ட் ஒயர். அதையும் ஓம் மீட்டரில் பார்த்தார். சரியாகவே காட்டியது.

எனக்கு இருபத்திரண்டாயிரம் கண்ணில் தெரிய ஆரம்பித்தது.

"இதுல ஏமாந்துடக் கூடாது சார். வாய்க்கால்ல ஒரு விரக்கடை தண்ணி ஓடினாலும் 'வந்துடுச்சு'ன்னு சொல்லிடலாம். எல்லா மடையையும் திறந்தாத்தான் பத்துமா பத்தாதான்னு தெரியும்." பேட்டரியைத் திரும்ப மாட்டினார். ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர் எல்லாவற்றையும் போடச் சொன்னார். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை பிசிஎம் கிரவுண்டிலும் வைத்தார். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, மூன்றைத் தாண்டிக் குதித்தது. அவ்வளவும் வழியிலேயே விழுந்துவிட்டால் பெட்டிக்கு என்ன மிஞ்சும்? அரைப் பட்டினியில் மயங்கி விழுந்து, எழுந்து, உளறியிருக்கிறது. அந்த உளறலில்தான் அம்மா மாட்டிக்கொண்டாள்.

ஒயரைத் தொடர்ந்து போய், இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டைத் தூக்கினார். பாடியில் போல்ட் போட்ட இடத்துக்கு ஒரு சாண் முன்னால் ஒயரின் தோல் இல்லை. உள்ளே மூன்று நாலு செம்பு இழைகள்தான் மிச்சம். சும்மா பார்த்தால் போதும். வேலை வந்தால் போதாது. பக்கத்தில் ஒரு கைப்பிடி உமி.

நீங்கள் டெல்டாக்காரராக இருந்தால் இப்போதே சிரித்திருப்பீர்கள். தை மாதம் சம்பா அறுவடை. வரப்பு வளைகளில் இருந்த எலிகளுக்கு வயலில் வேலை முடிந்துவிடும்; வீட்டுக்கும் வைக்கோல் போருக்கும் குடிவரும். எலியின் முன்பற்கள் சாகும்வரை வளரும், எதையாவது கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும். நான் காரைப் பத்து நாள் நிறுத்தியிருந்தது வைக்கோல் போருக்குப் பக்கத்துக் கொட்டகையில்.

புது ஒயர், சால்டரிங், மேலே ஒரு ஸ்லீவ். தொள்ளாயிரம் ரூபாய். அதில் பாதி தேடிய நேரத்துக்கு, சந்தோஷமாகக் கொடுத்தேன். தண்ணீர் இறங்கி பிசிஎம் நிஜமாகவே சாவதும் உண்டு என்றார் தம்பி. அதனால் உங்கள் காருக்கு யாராவது அப்படித் தீர்ப்பு சொன்னால் சண்டை போடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பவரையும் கிரவுண்டையும் லோடு போட்டுப் பார்த்தீங்களா?" பதில் சொல்லத் தயங்கினால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பி அம்மாவிடம் உமிக் கதையைச் சொன்னேன். "கொட்டகையிலே விடாதேன்னு அன்னைக்கே சொன்னேனே" என்றாள். சொன்னாளா என்று எனக்கு ஞாபகமில்லை. சாயங்காலமே ஆள் அனுப்பி இரண்டு கிட்டி வரவழைத்துவிட்டாள். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் தஞ்சாவூர் கிட்டி. வேளாண் பல்கலைக்கழகமே வயலுக்குப் பரிந்துரைக்கும் எலிப்பொறி அது. காரின் இரண்டு முன் டயருக்கும் பக்கத்தில் ஒவ்வொன்று வைத்தாள். மறுநாள் காலையில் ஒன்று பலன் கொடுத்திருந்தது.

அதற்கப்புறம்தான் கண் டாக்டரிடம் போனோம். முன் சீட்டில்தான் உட்காருவேன் என்றாள். மடியில் குடை. "வெயில் கொளுத்துது பாரு" என்றாள்.

காலை ஏழு மணி, பனி இன்னும் விலகவில்லை.