அஞ்சு தடவை தப்பா அடிச்சா...

ஜாங்கோவுல யூசர் உள்ள வந்தா, வெளிய போனா, பாஸ்வேர்டைத் தப்பா அடிச்சா, மூணுக்கும் தனித்தனி சிக்னல் உண்டு. தப்பா அடிச்சா வர்ற சிக்னலோட ரிக்வெஸ்ட்டும் சேர்ந்து வர ஆரம்பிச்சது 2017-ல, 1.11 வெர்ஷன்ல. அதுலயே ஐ.பி.யைப் பார்த்துக்கலாம்.

இப்போ ஒரு ஸ்காலர்ஷிப் சைட் பண்றோம். "அஞ்சு தடவை தப்பா அடிச்சா அந்த ஐ.பி.யையே பூட்டிடு"ன்னாங்க. முடியாதுன்னுட்டேன். எங்க கூமாப்பட்டியில (ஆமாங்க, 2025-ல இன்ஸ்டாகிராம்ல கலக்குச்சே, அதே ஊர்தான் :-)) பசங்க எல்லாம் ஒரே பிரவுசிங் சென்டர்லதான் ஃபாரம் நிரப்புவாங்க. அத்தனை பேருக்கும் ஒரே ஐ.பி. ஒருத்தன் தப்பா அடிச்சதுக்குக் கடைசி தேதியன்னிக்கு மொத்த வரிசையும் வெளிய நிக்கணுமா?

யூசர்நேம், ஐ.பி. ரெண்டும் சேர்ந்து பொருந்தினா மட்டும் பூட்டுற மாதிரி ரிசீவர் எழுதியிருக்கேன். டெஸ்டிங்ல இருக்கு.