ஓடும் வீட்டுக்குள் ஒரு கிரைண்டர்

லீவுக்கு ஊருக்குப் போகிற நம்ம மக்களிடம் இப்போது புதுசாக ஒரு ஆசை. கேரவன் எடுத்து அம்மா அப்பாவோடு ஊர் சுற்றுவது. கேரள அரசு 2021-ல் 'கேரவன் கேரளா' என்று ஒரு சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. 2022-ல் வாகமணில் முதல் கேரவன் பார்க்கும் வந்தது. இங்கே மெல்போர்னில் கேம்பர்வேன் எடுத்துப் பழகிய கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? போன டிசம்பரில் நாங்களும் டிரைவரோடு ஒன்று எடுத்தோம். மட்டாஞ்சேரி வீட்டிலிருந்து மூணாறு, போடிமெட்டு வழியாக மதுரையில் ஒரு கல்யாணத்துக்கு.

வண்டி வாசலுக்கு வந்ததுமே சாமான் ஏற ஆரம்பித்தது. குக்கர், இட்லிப் பானை, இருபது லிட்டர் தண்ணி கேன் இரண்டு, நேந்திரம்பழத் தார் ஒன்று, கூடவே டேபிள்டாப் கிரைண்டர். "கல்யாண வீட்ல நூறு பேர் இருப்பாங்க, ஒரு கிரைண்டர் எப்படிடா பத்தும்?" இது அம்மா. எல்லாம் கிச்சன் மேடையில் வரிசையாக உட்கார்ந்தன, வீட்டில் உட்கார்கிற மாதிரியே.

அங்கேதான் பிரச்சினை. உள்ளே பார்த்தால் வீடு. ஆனால் அது ஓடுகிறது, பிரேக் போடுகிறது.

கொஞ்சம் கணக்குப் பாடம், பொறுத்துக்கோங்க. சரக்கு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் எனக்கு இங்கே சோறு போடும் வேலை. கண்டெய்னருக்குள் சரக்கு அடுக்க 2014-ல் ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட ஒரு நெறிமுறை இருக்கிறது. ரோட்டில் போகும் சரக்கு, முன்பக்கம் தன் எடையில் 80 சதவீத விசையையும், பக்கவாட்டிலும் பின்னாலும் 50 சதவீத விசையையும் தாங்கும்படி இருக்க வேண்டும் என்கிறது அது. சடன் பிரேக்குக்கும் வளைவுக்கும்தான் இந்தக் கணக்கு. மோதல் வேறு. 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப்போல் சுமார் 20 மடங்கு விசையோடு முன்னால் தள்ளும். 12 கிலோ கிரைண்டர் கிட்டத்தட்ட 240 கிலோ ஆகிவிடும். அதற்கு நேர் முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் வண்டியில் அது அப்பா.

ஆகவே மேடையைக் காலி செய்தோம். செய்தது இவ்வளவுதான்:

கனமானதெல்லாம் தரைக்கு. கிரைண்டரும் தண்ணி கேனும் சீட்டின் முதுகோடு ஒட்டி, நகர இடமில்லாமல். இடைவெளி இருந்த இடத்தில் போர்வையும் தலையணையும் திணித்தோம். மேல் அலமாரியில் துணிமணியும் சிப்ஸ் பாக்கெட்டும் மட்டும்.

கட்டுவதற்கு லாரிக்காரர்கள் வைத்திருக்கும் ராட்செட் பெல்ட். எலாஸ்டிக் கயிறு வேண்டாம், இழுத்தால் நீளும். பெல்ட்டின் கொக்கியைத் தரையில் போல்ட் அடித்த சீட் சட்டத்தில் மாட்ட வேண்டும். பிளைவுட் அலமாரியின் கைப்பிடி பெயர்ந்து வந்துவிடும்.

காந்தம் மட்டும் வைத்த அலமாரிக் கதவு கொண்டை ஊசி வளைவில் திறந்துகொள்ளும். அழுத்திப் பூட்டும் கொண்டி இருக்க வேண்டும். பாத்திரத்துக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் வழுக்குவது குறையும். டிரைவர் காலடிப் பக்கம் எதுவுமே கூடாது. ஒரு தண்ணி பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டினால் போதும்.

கேஸ் சிலிண்டர் விஷயத்தில் மட்டும் தயவுதாட்சண்யமே வேண்டாம். வீட்டு சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 30 கிலோ. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நிறுத்தியிருந்த ஒரு சுற்றுலா ரயில் பெட்டியில், பயணிகள் விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் போனார்கள். 2024 டிசம்பரில் வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனுக்குள், ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடால் 2 பேர் இறந்தார்கள். கேரவனோடு வரும் சிலிண்டர் நிமிர்ந்து, பட்டை போட்டு, வண்டி ஓடும்போது வால்வு மூடி இருக்க வேண்டும். வீட்டு சிலிண்டரைக் கூடுதலாக ஏற்றவே வேண்டாம். ஜெனரேட்டரை ஓடவிட்டு உள்ளே தூங்கக் கூடாது. தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில், கிளாம்ப்பில் இருக்கட்டும்.

சாமானைக் கட்டுவது சுலபம். மனுஷங்களைக் கட்டுவதுதான் கஷ்டம் :-) மகளுக்குப் பின்பக்கக் கட்டிலில் படுத்துக்கொண்டே வர ஆசை. அம்மாவுக்கு அடிமாலி தாண்டியதும் எழுந்து நின்று காபி போட ஆசை. "எல்லாத்தையும் கட்டிப்போட்டா நான் எப்படிடா காபி போடறது?" நான் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. கடைசியில் வாய் திறந்தது அப்பா. பஜார் ரோட்டு கோடவுனில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். மிளகு மூட்டையும் அரிசி மூட்டையும் லாரியில் ஏறி, கயிறு குறுக்கே போட்டு இறுக்கி, வண்டி கொஞ்ச தூரம் உருண்டதும் நிறுத்தி மறுபடி இறுக்குவதைத் தினமும் பார்த்தவர். "கட்டாத மூட்டையோட எந்த லாரியும் எங்க கேட்டைத் தாண்டாது" என்றார்.

அம்மா உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். "என்னையும் மூட்டையாக்கிட்டீங்க" என்று ஒரு முறைப்பு. மகளும் எழுந்து வந்து சீட்டில் உட்கார்ந்தாள். காபி, வண்டியை ஓரமாக நிறுத்தித்தான். பத்து கிலோமீட்டர் போனதும் அப்பாவே டிரைவர் சேட்டனிடம் நிறுத்தச் சொன்னார். பார்த்தால் ஒரு பெல்ட் நிஜமாகவே தளர்ந்திருந்தது. குண்டும் குழியுமான ரோட்டில் சாமான் அமர்ந்துகொள்ளும், பெல்ட் தளரும், அது இயல்பு. அதனால்தான் அந்த முதல் நிறுத்தம்.

அடுத்த லீவுக்கு நீங்களும் கேரவன் பேசுகிறீர்கள் என்றால், கட்டில் எத்தனை, டிவி இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். முன்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டே கேள்வி. எத்தனை பேர் வருகிறோமோ அத்தனை பெல்ட் வைத்த சீட் இருக்கிறதா? சாமானைக் கட்ட உறுதியான கொக்கிகள் தரையில் இருக்கின்றனவா? இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேறு வண்டி பாருங்கள். ராட்செட் பெல்ட் மட்டும் நீங்களே நாலு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.